திரையில் வெளிச்சம் வேண்டும்: திரையரங்கு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் மல்டிபிளெக்ஸ் ஒன்றில் போன ஞாயிறு 'சாங்டம்' படத்தைச் சிறப்புக் காட்சியாகப் போட்டார்கள். 2011-ல் வந்த படம். பாப்புவா நியூகினியில் புயல் வெள்ளத்தால் குகைக்குள் மாட்டிக்கொண்டவர்கள் நீருக்கடியில் வழி தேடும் கதை. அவர்களிடமாவது டார்ச் இருந்தது.

ஓடியது 2டி. ஆனால் ப்ரொஜெக்டர் முன்னாலிருந்த 3டி ஃபில்டரை யாரும் நகர்த்தவில்லை. இடைவேளையில் போய்க் கேட்டால், "அது எப்பவும் அப்படியேதான் சார் இருக்கும்" என்றார் ஆபரேட்டர். அவர்மேல் கோபமில்லை, அத்தனை திரைக்கும் அவர் ஒருவர்தான். அந்த ஃபில்டர் பாதிக்கு மேல் வெளிச்சத்தைத் தின்றுவிடும் என்பதும், 2டி படத்துக்குத் திரையில் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வேண்டும் என்பதும் நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா?

படத்தின் ஆரம்பத்தில் ஒரு காட்சி. ஜூட்ஸ் என்கிற பெண்ணுக்குத் தண்ணீருக்கடியில் காற்று போய்விடுகிறது. குழுவின் தலைவன் ஃபிராங்க் தன் மாஸ்க்கைக் கொடுத்து வாங்கி, கொடுத்து வாங்கி இருவரும் மூச்சுவிடப் பார்க்கிறான். பயத்தில் அவள் திருப்பித் தர மறுக்கிறாள். அவன் பிடுங்கிக்கொள்கிறான், அவள் சாகிறாள். இதைக் கேமரா வழியே மேலே ஃபிராங்கின் மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஏற்கெனவே இருக்கும் சண்டை இதிலிருந்துதான் முற்றுகிறது. எங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம் குமிழி, ஏதோ ஒரு கை. பக்கத்து சீட் பெரியவர், "தம்பி, இப்ப செத்தது யாரு?" என்று கேட்டார். என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஃபில்டரைக் கழற்றுங்கள். ப்ரொஜெக்டரில் ஆயுள் முடிந்த செனான் விளக்கை மாற்றுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

இந்த இருட்டிலிருந்து நகைக்கடை விளம்பரம் மட்டும் தப்பித்துவிட்டது, பின்னணி வெள்ளை என்பதால். பாப்கார்ன் கவுன்டரிலோ கல்யாண வீட்டு வெளிச்சம். விலைப்பட்டியலை மட்டும் எந்த மூலையிலிருந்தும் படிக்கலாம். பார்க்கிங்குக்குத் தனிக் காசு, ஆன்லைனில் எடுத்தால் அதற்கொரு கட்டணம். மிச்சம் பிடிப்பது விளக்கில்! பிறகு மேடை ஏறி, "ஓடிடி வந்து கூட்டத்தைக் கெடுத்துவிட்டது" என்று அழுகிறீர்கள். வீட்டு டிவியில் ஆள் முகமாவது தெரிகிறதே, ஐயா!

கொஞ்சம் வேகமாகப் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2டி காட்சி தொடங்கும் முன் ஃபில்டர் விலகியிருக்கிறதா என்று பார்க்க ஓர் ஆளை வையுங்கள். மாதம் ஒருமுறை லைட் மீட்டரைத் திரைக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வந்த அளவை டிக்கெட் கவுன்டரில் எழுதி ஒட்டுங்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
டிக்கெட் வாங்கிப் படம் பார்க்கும் ஒருவன்