நெஸ்கஃபே கிடையாது, டீதான்

சேரம்பாடி,
ஆகஸ்ட் 4

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. மழை விட்டபாடில்லை. முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, அதை விடு.

"நீ ஒருத்தி நெஸ்கஃபே குடிக்காவிட்டால் நெஸ்லேக்காரன் கடையை மூடிவிடுவானா?" என்று கேட்டிருந்தாய். மூடமாட்டான்தான். வேடிக்கை என்னவென்றால், பக்கத்தில் சோலாடியிலேயே அவர்கள் தொழிற்சாலை 1967-லிருந்து இருக்கிறது. நம்மூர்த் தேயிலையைக் கரையும் டீத்தூளாக்குகிறார்கள். அதை நம்பிப் பிழைப்பவர்களிடம் போய்ப் புறக்கணிப்பு பேச எனக்கு வாய் வராது.

ஆனால் நாம் நர்ஸ்களாக, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக அலைந்த காலத்தை மறந்துவிட்டாயா? பேதியில் வதங்கிக் கிடந்த அந்தப் பெண் குழந்தை? முதல் பால்மாவு டப்பா இலவசமாக வந்தது. (அது வேறு கம்பெனி, பேர் வேண்டாம்.) அது தீர்வதற்குள் தாய்க்குப் பால் வற்றிவிட்டது. அப்புறம் காசு கொடுத்து வாங்கிய டப்பாவை நீட்டிக்க ஒரு கரண்டி போடும் இடத்தில் அரைக் கரண்டி, அதில் ஓடைத் தண்ணீர். தாயை நாம் திட்டினோம். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

ஆப்பிரிக்காவிலும் இதே கதைதான். நம்மைப் போல வெள்ளை உடுப்பு போட்ட விற்பனைப் பெண்களை அனுப்பி நெஸ்லேக்காரர்கள் பால்மாவு விற்றார்கள். அதனால்தான் 1977-இல் அமெரிக்காவில் நெஸ்லே புறக்கணிப்பு தொடங்கியது. 1981-இல் உலக சுகாதார சபை பால்மாவு விற்பனைக்கு நெறிமுறை கொண்டுவந்தபோது 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து ஓட்டுப் போட்டது அமெரிக்கா மட்டும்! 1984-இல் புறக்கணிப்பை நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரிகளுக்கு இலவச டப்பா போவது நிற்கவில்லை என்று 1988-இல் மறுபடி ஆரம்பித்தார்கள்.

நம் நாட்டில் 1992-இல் சட்டம் வந்தது, 2003-இல் இன்னும் இறுக்கினார்கள். டிவியில் சோப்பு, ஷாம்பூ எல்லாம் வருகிறதே, கைக்குழந்தைக்கான பால்மாவு வருகிறதா, பார். ஒருத்தி காபி குடிக்காததால் வந்த சட்டமில்லை, சரி. ஆனால் உலகம் முழுக்க அப்படிப் பல பேர் முரண்டு பிடித்ததில் பிறந்த நெறிமுறையின் பிள்ளைதான் அது.

எனக்கும் நடுவில் அலுத்துப்போனது உண்மை. 2024-இல் ஒரு சுவிஸ் அமைப்பு நெஸ்லேயின் குழந்தை உணவான செரலாக்கைச் சோதித்துப் பார்த்தது. அப்போது இந்தியாவில் விற்றதில் ஒரு வேளைக்கு ஏறக்குறைய 3 கிராம் கூடுதல் சர்க்கரை. நெஸ்லேயின் சொந்த ஊரான சுவிட்சர்லாந்தில் விற்றதில் அது இல்லை. படித்ததும் பழைய வீம்பு திரும்பிவிட்டது.

மழை குறைந்ததும் வா. உன் காபித்தூளை நீயே கட்டிக்கொண்டு வா, என் வீட்டில் டீதான்.

அன்புடன்,
ராஜி