சொந்தமாகப் பதிப்பித்தவர்களுக்கும் ஓர் அரங்கு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம். 2016 டிசம்பரில் அமேசானின் மின்னூல் தளமான கிண்டில் தமிழுக்கு வந்தது, அப்புறம் ஐம்பது பிரதி மட்டும் அச்சடிக்கும் வசதியும் வந்துவிட்டது, இப்போது பதிப்பகம் இல்லாமலேயே துப்பறியும் கதை, அறிவியல் புனைவு, ஊர் வரலாறு, சிறார் கதை என்று நிறைய வருகிறது. ஆனால் கண்ணில்தான் படுவதில்லை. புத்தகக் காட்சியில் ஒரு கடையின் ஓரத்தில் கிடந்த, குளத்து மதகுகளைப் பற்றிய மெல்லிய புத்தகம் எனக்குத் தற்செயலாகத்தான் கிடைத்தது. அதன் ஆசிரியர் ஒவ்வொரு மதகையும் நேரில் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார், எழுத்துப் பிழைகள் உண்டு, இருந்தாலும் படிக்கப் படிக்க அவ்வளவு விஷயம்! சென்னை நந்தனம் புத்தகக் காட்சியிலும் மாவட்டக் காட்சிகளிலும் இப்படிச் சொந்தமாகப் பதிப்பிப்பவர்களுக்கென்று பொதுவாக ஓர் அரங்கு ஒதுக்கி, வகைவாரியாக அடுக்கி வைக்கலாமே. உங்கள் நூல் அறிமுகப் பகுதியிலும் வாரம் ஒரு புத்தகத்துக்கு இடம் கொடுங்கள்.

– ஒரு வாசகி, திருநெல்வேலி