நாய்க்குட்டி எங்கே படுக்கும் என்பதைப் பணம் வாங்குமுன் சொல்லுங்கள்

நீலகிரி மாவட்டத்தில் காட்டேஜ்களும் ஹோம்ஸ்டேக்களும் நடத்தும் உரிமையாளர்களுக்கும் அவர்களின் சங்கங்களுக்கும்,

வணக்கம்.

பொங்கல் விடுமுறைக்கு உங்கள் மலைக்கு வந்து திரும்பிய குடும்பத்தில் ஒருத்தி எழுதுகிறேன். என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். "செல்லப்பிராணிகளுக்கு அனுமதி உண்டு" என்று உங்கள் அறிவிப்புகளில் போடுகிறீர்கள். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இரவில் நாய் எங்கே படுக்கும்? எங்களுடன் அறைக்குள்ளா, வெளியிலா? முன்பணம் வாங்குவதற்கு முன்பே இதை எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

நாயோடு வரும் விருந்தினருக்கும் உங்களுக்கும் நடக்கும் சச்சரவுகளைப் புதிதாக நான் விளக்க வேண்டியதில்லை. மாதந்தோறும் நீங்கள் பார்ப்பதுதான். எங்களுக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறேன். இடத்தின் பெயரையும் உரிமையாளரின் பெயரையும் எழுதப்போவதில்லை. ஒருவரைப் பழிவாங்க நான் இதை எழுதவில்லை. விசாரித்தபோது இதே அனுபவத்தைச் சொல்லாத நாய் வளர்ப்பவர் ஒருவரும் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் சிட்டு என்று ஒரு சிப்பிப்பாறைக் குட்டி இருக்கிறது. அப்போது அதற்கு நான்கு மாதம் கடந்திருந்தது. கோதுமை நிறம், கையில் தூக்கினால் விலா எலும்புகள் ஒவ்வொன்றும் விரலில் தட்டுப்படும் மெல்லிய உடம்பு. தெற்கத்திக் கரிசல் வெயிலில் முயலைத் துரத்தப் பிறந்த இனம். தோல் மெல்லியது, முடி குட்டை. குளிர் தாங்காது. அறை பதிவு செய்யும்போது குட்டியின் வயது, இனம் எல்லாவற்றையும் உரிமையாளரிடம் தொலைபேசியில் சொன்னோம். "தாராளமாகக் கூட்டி வாருங்கள்" என்றார். வாடகையில் பாதியும், குட்டிக்கென்று தனியாக ஒரு தொகையும் அன்றே அனுப்பிவைத்தோம்.

மேட்டுப்பாளையம் தாண்டியதும் வளைவுக்கு வளைவு குட்டிக்கு வாந்தி. நிறுத்தி நிறுத்தி, கோத்தகிரிப் பக்கம் போய்ச் சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது. காவலாளி அண்ணன் கேட்டைத் திறந்தார், பெட்டிகளை இறக்கினார், சாவியைக் கொடுத்தார். பிறகு தயங்கியபடி கார் நிறுத்தும் போர்டிகோவின் தூணைக் காட்டினார். நாய் உள்ளே வரக்கூடாது, இங்கேதான் கட்ட வேண்டும் என்று முதலாளி சொல்லியிருக்கிறாராம்.

அந்தத் தூணை நான் மறக்கவில்லை. மாட்டுக்குப் போடும் கனத்தில் ஓர் இரும்புச் சங்கிலி அதில் சுற்றியிருந்தது. சங்கிலி உரசிய இடத்தில் சுற்றிலும் பெயின்ட் போய், சிமெண்டும் தேய்ந்திருந்தது. எங்களுக்கு முன்பே எத்தனையோ நாய்கள் அந்தத் தூணில் இரவைக் கழித்திருக்கின்றன. கீழே ஒரு சாக்கு, பனியில் நனைந்து கிடந்தது. குட்டிக்கு விரிப்பு அதுதான்.

உரிமையாளரை அழைத்தோம். அனுமதி உண்டு என்றுதானே சொன்னேன், அறைக்குள் அனுமதி என்று எப்போது சொன்னேன் என்று கேட்டார். மெத்தைகள் புதியவை என்றார். குட்டிதானே, ஒரு ராத்திரி வெளியே கிடந்தால் என்ன என்றார். அப்படியானால் நாங்கள் கிளம்பிவிடுகிறோம் என்றதற்கு, முன்பணம் திரும்பாது என்றார். பொங்கல் விடுமுறை. சுற்றுவட்டாரத்தில் எங்கே விசாரித்தாலும் அறை இல்லை. என் மாமியாருக்கு முழங்கால் வலி, மகள் பசியிலும் தூக்கத்திலும் துவண்டிருந்தாள். அந்த இருட்டில் எங்கே போவது?

பேச்சையெல்லாம் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்த காவலாளி அண்ணன் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "இங்கே கட்டாதீர்கள் அம்மா. சிறுத்தை நடமாட்டம் இருக்கிறது." அவரும் ஒரு நாய் வளர்க்கிறார். கேட்டை ஒட்டிய சிறிய அறையில், தன் கட்டிலுக்கு அடியிலேயே அதைப் படுக்கவைத்து, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார். நடு உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்ட நாட்டு நாய். கட்டிலுக்கு அடியிலிருந்து அது எட்டிப் பார்த்ததை நானே பார்த்தேன்.

உரிமையாளர்களே, என்னால் தாங்க முடியாத இடம் இதுதான். மலையில் இரவு எப்படிப்பட்டது என்று சமவெளியிலிருந்து வரும் எங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். வாசலில் படுத்திருந்த நாயைச் சிறுத்தை கவ்விக்கொண்டு போகும் சிசிடிவி காட்சிகள் உங்கள் ஊர்களிலிருந்துதான் வருகின்றன. 2023 தீபாவளி சமயத்தில் குன்னூர் புரூக்லேண்ட்ஸ் பகுதியில் நாயைத் துரத்திய சிறுத்தை வீட்டுக்குள்ளேயே புகுந்ததும், மீட்கப் போனவர்கள் காயம்பட்டதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போர்டிகோவில் கட்டிய நாய் சிறுத்தையை வாசலுக்கே வரவழைக்கும். அந்த வாசலுக்குப் பின்னால்தான் உங்கள் விருந்தினர்கள் தூங்குகிறார்கள், அவர்களின் குழந்தைகள் தூங்குகிறார்கள். இவ்வளவும் தெரிந்த ஒருவர், எங்கள் குட்டியை அங்கே கட்டச் சொன்னார்.

மாமியாரும் மகளும் அறையில் படுத்தார்கள். நானும் என் கணவரும் குட்டியோடு காரில் இருந்தோம். கண்ணாடியை முழுக்க ஏற்றினால் மூச்சு முட்டியது, ஒரு விரற்கடை இறக்கினால் குளிர் ஊசியாக இறங்கியது. மாமியாரின் சால்வையில் குட்டியைச் சுற்றி மடியில் வைத்திருந்தேன். அது நடுங்கிய நடுக்கம் என் தொடை வழியாக எனக்குத் தெரிந்தது. அந்த வயதுக் குட்டியால் இரவு முழுவதும் சிறுநீரை அடக்க முடியாது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை முனகும், வெளியே இறக்கியாக வேண்டும். என் கணவர் கழுத்துப் பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பார். நான் தேயிலைச் செடிகளுக்கிடையே டார்ச் வெளிச்சத்தை ஓட்டிக்கொண்டே இருப்பேன். குட்டிக்கு என்ன தெரியும்? புது இடம், புது வாசனை. ஒவ்வொரு புல்லாக முகர்ந்து பார்த்துத் தன் இடத்தைத் தேடும். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். விடியும்வரை இப்படியே. அறைக்குள் ஒரு மூலையில் பழைய துணியை விரித்துப் போட்டிருந்தால் அந்தக் குட்டி விடிய விடியத் தூங்கியிருக்கும்.

இதைக் கேட்டவர்களில் சிலர், நாய்க்குட்டியை ஏன் தூக்கிக்கொண்டு போக வேண்டும், வீட்டில் விட்டுவிட்டுப் போகலாமே என்கிறார்கள். யாரிடம் விடுவது? எங்கள் ஊரில் நாய்களைத் தங்கவைக்கும் இடங்களில் இவ்வளவு சின்னக் குட்டியைச் சேர்க்க மறுத்தார்கள், அது நியாயமும்தான். தாயைப் பிரிந்து வந்து எங்கள் குரலுக்கு இப்போதுதான் பழகிய குட்டியை அறிமுகமில்லாத கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பஸ்ஸில் பெரும்பாலும் ஏற்றமாட்டார்கள். ரயிலில் என்றால் ஏசி முதல் வகுப்பில் ஒரு கூபேயை, அதாவது கதவுள்ள தனி அறையை, முழுதாகப் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ரயில் கார்டின் பெட்டியில் இருக்கும் கூண்டில் தனியாக அனுப்ப வேண்டும். எஞ்சியது சொந்தக் காரும், உங்கள் அறிவிப்பில் இருந்த அந்த ஒரு வரியும்தான். அந்த வரியை நம்பி இ-பாஸ் எடுத்து, பெட்ரோல் போட்டு, மலையேறி வருகிறோம். மேலே வந்தபின் அது இல்லையென்றால் நாங்கள் என்ன செய்ய முடியும்?

உங்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. குட்டி மெத்தையை நனைக்கும், பல் முளைக்கும் வயதில் நாற்காலிக் காலைக் கடிக்கும். சிலர் நாயை அறையில் பூட்டிவைத்துவிட்டுத் தொட்டபெட்டா பார்க்கப் போய்விடுகிறார்கள், அது நாள் முழுவதும் குரைக்கிறது, கதவைப் பிராண்டுகிறது. அடுத்து வரும் விருந்தினருக்கு நாய் முடி ஒவ்வாமை இருக்கலாம். இவற்றுக்காக வைப்புத்தொகை கேளுங்கள், கொடுக்கிறோம். சேதத்துக்குப் பணம் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டிலில் ஏற்றக்கூடாது, தனியாக விட்டுப் போகக்கூடாது என்று நிபந்தனை போடுங்கள். நாய்களுக்கென்று இரண்டு அறைகளை ஒதுக்கி, மற்ற அறைகளில் கிடையாது என்று சொல்லுங்கள். நாயே வேண்டாம் என்றாலும் அது உங்கள் உரிமை, உங்கள் வீடு. எங்களுக்குக் கோபமே வராது, வேறு இடம் பார்த்துக்கொள்வோம். பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு, இருட்டியபின் தூணைக் காட்டுவதுதான் கூடாது.

நீங்கள் உண்மையிலேயே கேட்க வேண்டிய ஒன்றை அன்று யாரும் கேட்கவில்லை. தடுப்பூசி அட்டை. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம்வரை சில வார இடைவெளியில் ஊசி போட வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடிக்கான ஊசி. கடைசி ஊசி போட்டு, மருத்துவர் சொன்ன இரண்டு வாரம் பொறுத்திருந்துதான் சிட்டுவை வெளியூருக்கு எடுத்தோம். அட்டை என் கைப்பையில் இருந்தது, ஒருவரும் கேட்கவில்லை. அந்தத் தூணில் கட்டப்பட்ட முந்தைய நாய்களிடமும் கேட்டிருக்கமாட்டார்கள். நாய்களைத் தாக்கும் பார்வோ வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வழக்கமாகத் தரை துடைக்கும் ஃபினாயிலை நம்ப முடியாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். ஊசி போடாத குட்டிக்கு அது வந்துவிட்டால் இரத்தக் கழிச்சலாகி இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடக்கூடும். நனைந்த அந்தச் சாக்கில் எத்தனை நாய்கள் படுத்திருக்குமோ! விருந்தினர்மேல் அக்கறையுள்ள இடத்தில் முதலில் அட்டையைப் பார்ப்பார்கள், பிறகு சாவியைக் கொடுப்பார்கள். தேயிலைக்கு மருந்து அடித்த நாளா, எலி மருந்து எங்கே வைத்திருக்கிறீர்கள், வேலியில் எங்கே ஓட்டை என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். கண்டதையெல்லாம் வாயில் கவ்வும் வயதல்லவா!

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நியாயமற்ற அளவுக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் ஒரு விலங்கை நெடுநேரம் கட்டிவைப்பது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி கொடுமை. அனுமதி உண்டு என்று பணம் வாங்கிவிட்டு நேரில் மறுப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்தில் கேட்கலாம். அங்கே போகும் வழி எனக்கும் தெரியும். போகாமல் உங்களுக்கு எழுதுகிறேன். மலையில் விடுதி நடத்துபவர்களில் நல்லவர்களே அதிகம் என்று இன்னும் நம்புகிறேன்.

ஆனாலும் ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. மலைக்கு வருகிறவர் என்றாலே திரும்பிப் போக வழியில்லாதவர் என்ற எண்ணம் எப்போது வந்தது? விடுமுறை என்றால் வாடகை ஏறுகிறது. வெந்நீர் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான், ஹீட்டருக்குத் தனிக் கட்டணம், படத்தில் காட்டிய ஜன்னல் வேறு அறையுடையது. கேட்டால் முன்பணம் திரும்பாது. நாய் விஷயம் இந்த வரிசையில் ஒன்று. மற்றவற்றில் எங்களுக்குப் பணமும் வசதியும்தான் போகின்றன. இதில் வாய்பேசாத ஓர் உயிர் போகக்கூடும்.

சொல்ல வந்ததை விட்டுத் தள்ளிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் கேட்கிறேன். நாய் இரவில் எங்கே படுக்கும் என்பதை அறிவிப்பிலேயே எழுதுங்கள். அறைக்குள் இடமில்லை என்றால் "நாய்களுக்கு அனுமதி இல்லை" என்றே போடுங்கள். சிறுத்தை நடமாடும் மலையில் வெளியே கட்டுவதை அனுமதி என்ற கணக்கில் சேர்க்காதீர்கள். உங்கள் சங்கங்கள் கூடும்போது, இதை எல்லோருக்கும் பொதுவான விதியாக வைக்க முடியுமா என்று பேசுங்கள். சொன்னதற்கு மாறாக நடந்தால் முழு முன்பணத்தையும் அன்றே திருப்பித் தருவது என்பதும் அந்த விதியில் இருக்கட்டும்.

இந்த மடலைப் படித்து அது தன் இடம்தான் என்று அடையாளம் காணும் உரிமையாளருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். அந்தக் காவலாளி அண்ணனைக் கடிந்துகொள்ளாதீர்கள். உங்கள் விருந்தினர்களையும் உங்கள் பெயரையும் அன்று இரவு காப்பாற்றியவர் அவர்தான்.

கோடை சீசனுக்கான முன்பதிவுகளை விரைவில் தொடங்கிவிடுவீர்கள். அதற்குள் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
கோவையிலிருந்து வந்துபோன ஒரு விருந்தினர்