எரியாத ஒரு பல்புக்காக ஐம்பதையும் எறியாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிறிஸ்துமஸ் அலங்கார விளக்குகள் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை டிசைன் வரும், செல்போனிலேயே இயக்கலாமா என்றெல்லாம் விரிவாக எழுதியவர், பல்பு ஒன்று போனால் என்ன செய்வது என்ற இடத்தில் மட்டும், புதுச் சரம் வாங்கிவிடலாம், விலை குறைவுதான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

எனக்குக் குமரி மாவட்டத்தில் கடலை ஒட்டிய ஊர். ஒயர்மேன் வேலை. எங்கள் மாதா கோவிலின் பெரிய ஸ்டாரும் குடிலும் ஏழெட்டு வருடமாக என் பொறுப்பில் இருக்கின்றன. ஜனவரி பிறந்தால் ஊர்க் குப்பையில் பிக்சல் சரங்கள், அதாவது ஒவ்வொரு பல்பும் தனித்தனியாக நிறம் மாறும் விளக்குச் சரங்கள், கிடக்கும். நான் எடுத்துப் பார்த்த சரங்களில் பெரும்பாலானவற்றில் கெட்டுப்போனது ஒரே ஒரு பல்புதான்.

பிக்சல் சரம் பழைய சீரியல் செட் மாதிரி இல்லை. ஒவ்வொரு பல்புக்குள்ளும் ஒரு சிப் உண்டு. பந்தியில் இலைக்கட்டைக் கைமாற்றுகிறோமே, அப்படித்தான் வேலை நடக்கிறது. டிசைனை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டி அனுப்பும் தகவலில் முதல் பல்பு தனக்குரிய 24 பிட் நிறத் தகவலை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததற்குத் தள்ளும். நடுவில் ஒருவர் கட்டை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் அவருக்கு அப்புறம் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இலை கிடையாது. 50 பல்புச் சரத்தில் 18-ஆவது பல்பு போனால் மிச்சம் 32-ம் நன்றாக இருந்தும் இருட்டாகத் தெரிவது இதனால்தான்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அணைந்த முதல் பல்பை மட்டும் மாற்றிவிட்டுச் சரியாகவில்லையே என்று கைவிட்டவர்கள் பலர். அதற்கு முந்தைய, எரிந்துகொண்டிருக்கும் பல்பையும் சந்தேகப்பட வேண்டும். தான் மட்டும் எரிந்துகொண்டு அடுத்ததற்குத் தகவலை விடாமல் நிற்கிற பல்புகள் உண்டு. மின்சாரத்தை நிறுத்திவிட்டு வயரை வெட்டி, தகவல் போகும் திசையைக் காட்டும் அம்புக்குறி பார்த்துப் புதுப் பல்பைப் பற்றவைத்து, இணைப்பின் மேல் ஸ்லீவ் என்ற குழாய் உறையைப் போட்டால் பத்து நிமிட வேலை.

ஆகவே வாங்கும்போதே பழுது பார்க்க முடிந்ததாகப் பார்த்து வாங்குங்கள். வெளியில் மாட்ட பட்டை வடிவ ஸ்ட்ரிப்பை விட, தனித்தனியாக வயரில் கோத்த 12 மி.மீ. பல்புச் சரமே என் தேர்வு. ஸ்ட்ரிப்பின் சிலிகான் உறைக்குள் ஒருமுறை தண்ணீர் இறங்கினால் வெளியே வர வழியில்லை. வெட்டிய முனையை அடைக்கிறோம் என்று வினிகர் வாடை அடிக்கும் சிலிகானைப் பூசுகிறார்கள்; அது செம்பை அரித்துப் பச்சை பிடிக்க வைக்கும். வாடையில்லாத நியூட்ரல் சிலிகான் என்று கேட்டு வாங்குங்கள்.

5 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பது அடுத்த கேள்வி. 5 வோல்ட் பல்பு ஒன்று முழு வெள்ளையில் ஏறக்குறைய 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். 50 பல்புக்கு 3 ஆம்பியர். முதல் வருடம் நான் 200 பல்பை ஒன்றாகக் கோத்து, ஒரே முனையில் மின்சாரம் கொடுத்தேன். தொடக்கத்தில் பால் வெள்ளை, ஸ்டாரின் நுனிக்குப் போகப் போகச் செங்கல் நிறம். பார்த்தவர்கள் டிசைன் என்று நினைத்துப் பாராட்டினார்கள், நானும் மறுக்கவில்லை! உண்மையில் மெல்லிய வயரில் வோல்டேஜ் இறங்கிவிட்டது. நீலத்துக்கும் பச்சைக்கும் கூடுதல் வோல்டேஜ் தேவை என்பதால் அவை முதலில் மங்கும், சிவப்பு மட்டும் நிற்கும். இப்போது 50 பல்புக்கு ஒருமுறை தனி வயர் இழுத்து மின்சாரம் சேர்க்கிறேன். 12 வோல்ட் சரம் நீளமாகப் போக வசதிதான், ஆனால் பல வகைகளில் அந்தக் கூடுதல் வோல்டேஜ் ரெசிஸ்டரில் சூடாகவே வீணாகிறது. வீட்டு வாசலுக்கு 5 வோல்ட் போதும். வெளிச்சத்தையும் முப்பது சதவீதத்துக்கு இறக்கி வையுங்கள். இரவில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது, பல்பும் சூடாகாது.

பல்பு 5 வோல்ட்தானே என்று மெத்தனம் வேண்டாம். அதற்குப் பின்னால் வீட்டு மின்சாரத்தை 5 வோல்ட்டாக இறக்கித் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் 230 வோல்ட் ஓடுகிறது. ஓட்டை ஓட்டையான தகரப் பெட்டி என்றால் டிசம்பர் மழைச் சாரலுக்கும் பல்லிக்கும் அது திறந்த வீடு. மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், தரையிலிருந்து உயர்த்தி, வயர் கீழ்ப்பக்கமாக நுழையும்படி வையுங்கள். அந்த லைனில், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம்.

சரத்தோடு பத்துப் பல்பு உதிரியாக, அதே கடையில், அதே நாளில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வாங்கினால் வண்ண வரிசை, அதாவது பல்பு சிவப்பு, பச்சை, நீலத் தகவலை எடுத்துக்கொள்ளும் வரிசை, மாறியிருக்கலாம். நான் அப்படி ஒன்றைப் பற்றவைத்துவிட்டேன். வெள்ளையில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்டார் முழுக்கச் சிவக்கும்போது அது ஒன்று மட்டும் பச்சையாக எரிந்தது.

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து கழற்றியதும் ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, நிழலில் காயவைத்து, பெரிய வட்டமாகச் சுருட்டிவைக்கிறேன். முழங்கையில் சுற்றினால் பல்பின் கழுத்தில் வயர் ஒடியும். கனெக்டர்களில் கொஞ்சம் வாஸ்லின் தடவினால் கடற்காற்றின் துருவும் தள்ளிப்போகும். இப்போதைய ஸ்டாரில் இருப்பது 2019-இல் வாங்கிய சரங்கள். இதுவரை மாற்றியது பதினோரு பல்பு.

மழை விட்டதும் இந்த வாரம் ஸ்டாரை ஏற்ற வேண்டும். அந்தப் பச்சைப் பல்பை மாற்றிவிடுகிறேன் என்றேன். அதை யார் முதலில் கண்டுபிடிப்பது என்று வருடா வருடம் பந்தயம் கட்டும் பிள்ளைகள் விடவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கன்னியாகுமரி மாவட்டம்.