ஏமாற்றியது முதுமலையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். "நாலு மான், ஒரு மயில், அவ்வளவுதான். முதுமலை எங்களை ஏமாற்றிவிட்டது" என்று முடித்திருக்கிறார். பாவம். அவர் குடும்பத்தோடு வருகிற விஷயத்தைப் புலியிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

கூடலூர்–மசினகுடி தடத்தில் 26 வருடம் நடத்துநராக இருந்தவன் நான். அத்தனை வருடத்தில் புலியைப் பார்த்தது மூன்று தடவை. அதில் ஒரு தடவை வால் மட்டும். இவர் போனதோ பகல் பதினொன்றரைக்கு, மழை முடிந்து காடு அடர்ந்து நிற்கிற நேரத்தில். இரண்டு பக்கமும் உண்ணிச்செடி ஆளுயரம் மண்டிக் கிடக்கிறது. அதற்குப் பின்னால் யானையே நின்றாலும் தெரியாது. நின்றிருக்கும்.

2007 முதல் இது புலிகள் காப்பகம். மிருகக்காட்சி சாலை வண்டலூரில் இருக்கிறது.

சரி, அவர் வெளியூர்க்காரர். தாங்கள்? 'முதுமலைச் சிறுத்தை' என்று ஒரு படம் போட்டிருந்தீர்கள். கண்ணிலிருந்து வாய்க்குக் கறுப்புக் கோடு இறங்குகிறதே, அது சிவிங்கிப்புலி. 1952இல் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டு, 2022இல் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டுக்கு விமானத்தில் வந்தது. மசினகுடிக்கு எப்போது பஸ் ஏறியது? காட்டுமாட்டைக் 'காட்டெருமை' என்று எழுதாதீர்கள் என்று ஏற்கெனவே இரண்டு கடிதம் போட்டேன். ஒன்றைப் பிரசுரித்தீர்கள். அது எருமை இனமே இல்லை என்று நான் விளக்கியிருந்த பாதியை வெட்டிவிட்டு.

ஒரு சாயங்காலம் கார்குடி தாண்டி ஒற்றைக்கொம்பன் யானை நடுரோட்டில் நின்றான். ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டார். 40 நிமிடம். வண்டி நிறையத் தோட்டத்து ஆட்கள், சந்தைக்குப் போய் வந்தவர்கள். ஒருவர் வாய் திறக்கவில்லை. சிணுங்கிய குழந்தையை அதன் அம்மா மாராப்புக்குள் இழுத்துக்கொண்டாள். நான் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அவனாகத்தான் நகர்ந்தான்.

இப்போது நீலகிரிக்கு வர இ-பாஸ் எடுத்துவிட்டால் காட்டையே பத்திரம் பண்ணிக்கொண்ட மாதிரி. காரை ஓரங்கட்டிக் குரங்குக்கு சிப்ஸ் போடுவது, யானையைக் கண்டால் ஹாரன் அடிப்பது, அப்புறம் அதற்கு முதுகைக் காட்டி ஒரு செல்பி. போன மாதம் மசினகுடி ரோட்டோரம் கிடந்த யானை லத்தியைக் குச்சியால் கிளறிப் பார்த்தேன். உள்ளே ஒரு பால் கவர், 'அரை லிட்டர்' என்ற எழுத்துகூட அழியாமல்.

இதில் கட்டுரையாளர், ராத்திரியில் மைசூர் ரோட்டில் போனால் யானை நிச்சயம் என்று யோசனை வேறு சொல்கிறார். பந்திப்பூர் வழி இரவு 9 முதல் காலை 6 வரை அடைப்பு. தங்கள் இதழிலேயே வந்த செய்திதானே?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. படத்துக்கு ஒரு வரித் திருத்தம் போடுங்கள். தொரப்பள்ளியிலிருந்து தெப்பக்காடு வரை வண்டியை நிறுத்தாதீர்கள் என்று ஒரு பெட்டிச் செய்தியும். இடம் போதாவிட்டால் இந்தக் கடிதத்தை வழக்கம்போல வெட்டிக்கொள்ளுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
கூடலூர், நீலகிரி.