செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, மனநோயோடு வாழும் நண்பர்களே, குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம். சங்க விதிப்படி சென்ற ஆண்டின் அறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. மே 24, உலக மனச்சிதைவு நோய் நாளில் பேரணி. செப்டம்பர் 10, தற்கொலைத் தடுப்பு நாளில் கல்லூரி மாணவர்களிடையே பேச்சு. அக்டோபர் 10, உலக மனநல நாள் கூட்டத்தில் நாற்காலி போதவில்லை. டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி ஆலோசனை எண் 14416 அச்சிட்ட ஸ்டிக்கர்களைப் பேருந்து நிறுத்தங்களில் ஒட்டினோம். 2022இல் தொடங்கிய இந்த இலவச சேவையில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம் என்பது நம் உறுப்பினர்களிலேயே பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி நினைவுக் கூட்டம். 2001இல் அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டிப் போடப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்கிறது. அதை விளக்க ஒரு வழக்கறிஞரை அழைத்திருந்தோம். வந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு, அதிலும் மைக் செட்காரரையும் அவர் உதவியாளரையும் சேர்த்துத்தான். வழக்கறிஞர் முகம் சுளிக்காமல் முழுதாகப் பேசிவிட்டுப் போனார். அவருக்கு நன்றி.

இனி, சான்றிதழ் முகாமுக்கும் மருத்துவமனைக்கும் குடும்பத்தாரோடு நம் ஆள் ஒருவர் துணையாகப் போகும் 'கூடப் போகும் திட்டம்' பற்றி. இது செயலாளரின் சொந்த ஆசை என்று செயற்குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஆமாம், ஆசைதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மனநோய்க்கும் மாற்றுத்திறனாளி சான்றிதழ் உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைக் குறைபாடுகளில் அதுவும் ஒன்று. குறைபாடு 40 சதவீதம் வந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். கால் இல்லாதவருக்குக் கால் இல்லை என்பது முகாமில் உட்காரும்போதே தெரிந்துவிடும். நம் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. 'ஐடியாஸ்' என்ற அளவுகோலை வைத்து மருத்துவர் கேட்பார்: தன்னைத் தானே கவனித்துக் கொள்கிறாரா, மற்றவர்களோடு எப்படிப் பழகுகிறார், சொன்னது புரிகிறதா, திரும்பச் சொல்கிறாரா, வேலை செய்கிறாரா. நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதற்கும் மதிப்பெண் உண்டு.

இங்கேதான் நம் வீட்டு அம்மாக்கள் தவறிப் போகிறார்கள். விடிகாலையிலேயே எழுந்து மகனைக் குளிப்பாட்டி, ஷேவ் செய்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, தலை வாரி அழைத்து வருவார்கள். மருத்துவர் கேட்டால், "எல்லாம் அவனே பாத்துக்குவான் டாக்டர், தங்கமான பிள்ளை" என்பார்கள். பிள்ளையை விட்டுக் கொடுக்க மனம் வராது. அவரும் அதைத்தானே எழுத முடியும்? சதவீதம் குறைந்துவிடும். வெளியே வந்த பிறகு, "நான் சொல்லலேன்னா மூணு நாளானாலும் குளிக்க மாட்டான்" என்று என்னிடம் அழுதால் என்ன பயன்? அதைத்தான் அம்மா உள்ளே சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே கூடப் போகிறவருக்கு இரண்டு வேலைகள். முதல் நாளே வீட்டுக்குப் போய், உள்ளதை உள்ளபடி சொல்லும்படி அம்மாவைத் தயார் செய்வது. அப்புறம் ஓ.பி. சீட்டுகளைத் தேடி எடுத்து, தேதி வாரியாக ஒரு பைலில் போடுவது. நோய் எத்தனை வருடம் என்பதற்கு அந்தச் சீட்டுகள்தான் சாட்சி. ஒரு வீட்டில் பத்து வருடச் சீட்டுகளும் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ரப்பர் பேண்டு போட்டு இருந்தன. பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படக் கூடாதாம். மகளுக்காக மகனின் நோயை ஒளித்து வைத்திருக்கிறார்கள். நாம் நடத்தும் விழிப்புணர்வுக் கூட்டங்கள் அந்த டப்பாவுக்குப் பின்னால் போய்ச் சேரவில்லை. ஒரு ஆள் நேரில் போய்த்தான் எடுக்க வேண்டியிருந்தது.

இப்படிக் கூடப் போனதில் பல குடும்பங்களுக்குச் சான்றிதழ் கிடைத்துள்ளது. மாதாந்திர மாத்திரைக்காக வரிசையில் நிற்பதற்கும் ஆள் போனோம். வீட்டில் அழைத்துப் போக ஆள் இல்லாமல் ஒரு மாதம் தவறினால் அது இரண்டு மாதமாகும், பிறகு நோய் திரும்பும், பிறகு எல்லோரும் கூடி, "மாத்திரை சாப்பிட மாட்டேங்கிறான்" என்று அவன் மேலேயே பழி போடுவோம்.

சரி, யார் போனார்கள்? பட்டியலைப் படிக்கவில்லை. படிக்க நீளமாக இல்லை என்பதும் ஒரு காரணம். உலக மனநல நாள் மேடையில் குழுப் படத்துக்கு நின்றவர்களில் பெரும்பாலோரை மருத்துவமனை வரிசையில் நான் பார்க்கவில்லை. செயற்குழுக் கூட்டங்கள் சில, போதிய உறுப்பினர் வராமல் ஒத்திவைக்கப்பட்டன. வேலை இருக்கும், மறுக்கவில்லை. இங்கே வேலை இல்லாதவர் யார்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சான்றிதழும் அட்டையும் கைக்கு வந்த பிறகு சில குடும்பங்கள் போனை எடுப்பதில்லை. தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போகிறார்கள். எங்களோடு பேசினால் வீட்டு விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்ற பயம். அது புரிகிறது. ஆனால் சந்தாவை உறையில் போட்டு அனுப்பினால் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. இரண்டு வருடச் சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் உறுப்பினரில் பாதிக்கு மேல். அதில் செயற்குழுவினரும் உண்டு, பெயர் வேண்டாம்.

கணக்கைப் பொறுத்தவரை, வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. பேரணிக்கும் மேடைக்கும் கொஞ்சம் கூடுதலாகவே போனது, கூடப் போகும் திட்டத்துக்குப் பஸ் செலவு மட்டும். மற்ற விவரங்கள் பொருளாளரிடம் உள்ளன, தணிக்கை முடிந்ததும் தருவார்.

மனநோய்க்கும் மற்ற நோய்களைப் போலவே மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்று அதே 2017 சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. நம் உறுப்பினர் ஒருவரின் கோரிக்கையைத் தள்ளிவிட்ட காப்பீட்டு நிறுவனத்துக்கு அந்தப் பிரிவைச் சுட்டிக் கடிதம் எழுதியிருக்கிறோம். பதில் வரவில்லை.

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவின் மருத்துவர்கள், செவிலியர், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலக ஊழியர்கள், அச்சகத்தார், மண்டபம் தந்தவர், தலைவர், பொருளாளர் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் பேரணியைக் கைவிட்டு, அந்தத் தொகையைக் கூடப் போகிறவர்களின் பயணச் செலவுக்கு ஒதுக்கலாம் என்பது என் முன்மொழிவு. செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்றால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். யாரும் முன்வராவிட்டால் தொடர்வேன், ஆனால் தனி ஆளாக வரிசையில் நிற்க இனி என் முழங்கால் ஒத்துழைக்காது. வாசலில் மேசை மேல் ஒரு நோட்டு இருக்கிறது. உங்கள் பெயரையும், மாதத்தில் எந்தக் கிழமை வர முடியும் என்பதையும் அதில் எழுதுங்கள். பக்கத்திலேயே பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்