வெள்ளையும் சாம்பலும்

அன்புள்ள முகில்,

"அங்கேயும் யூனிஃபார்ம் உண்டா அத்தை?" என்று போனில் கேட்டாய். உண்டாவா! இந்தோனேசியாவில் பாவாடை, கால்சட்டை நிறத்தைப் பார்த்தே பிள்ளை எந்தப் பள்ளிப் பருவத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

முதல் 6 வகுப்புக்குச் சிவப்பு, அடுத்த 3 வகுப்புக்குக் கருநீலம், கடைசி 3 வகுப்புக்குச் சாம்பல். மேலே வெள்ளைச் சட்டை. 1982 முதல் நாடு முழுக்க இதே நிறங்கள்தான். எட்டாவது படிக்கிற நீ இங்கே இருந்தால் கருநீலம். பெரியவர்கள் தங்கள் மேல்நிலைப் பள்ளிக் காலத்தையே 'பூத்தி அபு-அபு', அதாவது வெள்ளை-சாம்பல், என்றுதான் பெருமூச்சோடு சொல்வார்கள். முதல் காதல் எல்லாம் அந்த நிறத்தில்தான் போலிருக்கிறது. இதை உன் அப்பாவிடம் படித்துக் காட்டாதே.

வாரத்தில் ஒரு நாள் பாத்திக் சட்டை, ஒரு நாள் பழுப்பு நிறச் சாரணர் உடை. எந்த நாள் எது என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். துவைத்துக் காயப்போடும் அம்மாக்கள்தான் பாவம்.

திங்கட்கிழமை காலை கொடியேற்றம். யோக்யகர்த்தாவில் என் வீட்டுக்கு எதிரே ஒரு தொடக்கப் பள்ளி. ஏழு மணிக்கெல்லாம் வெயிலில் வரிசையாக நிற்பார்கள். அவர்கள் தொப்பியில் 'தூத் வூரி ஹந்தயானி' என்று ஜாவா மொழி வாசகம் இருக்கும். பின்னால் நின்று வலுக்கொடு என்று பொருள். சொன்னவர் கி ஹஜார் தேவந்தரா. டச்சுக்காரர்கள் இந்த நாட்டை ஆண்ட காலத்தில், 'நான் டச்சுக்காரனாக இருந்தால்' என்று 1913-இல் கிண்டலாக எழுதியதற்காக நாடுகடத்தப்பட்டவர். திரும்பி வந்து 1922-இல் இதே ஊரில் 'தாமான் சிஸ்வா' பள்ளியைத் தொடங்கினார். அவர் பிறந்த மே 2 இங்கே கல்வி நாள். முன்னால் நின்று முன்மாதிரியாக இரு, நடுவில் நின்று ஊக்கம் கொடு என்று அதற்கு முன் இரண்டு வரிகளும் உண்டு. ஆனால் தொப்பிக்கு வந்தது மூன்றாவதுதான். ஆசிரியருக்குச் சொன்னதைப் பிள்ளைகள் தலையில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

மணியடித்ததும் வாசலில் சீலோக் வண்டி வந்துவிடும். மரவள்ளி மாவு உருண்டை, குச்சியில் குத்தி, வேர்க்கடலைச் சாற்றில் தோய்த்துத் தருவார்கள். ரப்பர் மாதிரி இருக்கும், விடவே முடியாது.

பக்கத்து வீட்டுச் சிறுமி ஜூலையில் கருநீலத்துக்கு மாறினாள். முதல் நாள் கிளம்பும்போது, ஆசிரியர்களுக்குச் செய்வது போலவே, என் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். பாவாடை கணுக்கால் வரை தொங்கியது. மூன்று வருடத்துக்குச் சேர்த்து வாங்கியிருக்கிறார்கள்.

அன்புடன்,
அத்தை